சுல்தான் கான் கற்றுக்கொண்டது

மீர் சுல்தான் கானைப் பற்றி வழங்கும் கதை ஏறக்குறைய இப்படிப் போகும். பஞ்சாபைச் சேர்ந்த எழுத்தறிவற்ற வேலைக்காரர் ஒருவர் 1929-ல் எசமானரோடு லண்டன் போகிறார். சதுரங்கப் புத்தகம் எதையும் தொட்டதில்லை. போன வருடமே பிரிட்டிஷ் சாம்பியனாகிறார். முன்னாள் உலகச் சாம்பியன் காபாப்ளாங்காவைத் தோற்கடிக்கிறார். 1933 கடைசியில் எசமானர் கப்பலேறியபோது கூடவே ஏறி, காணாமல் போகிறார். ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளுக்கு இதைவிடத் தோதான விஷயம் கிடைக்காது. கதையின் ஒவ்வொரு வரியிலும் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் மொத்தமாகப் பார்க்கும்போது அது ஒரு காரியத்தைச் செய்கிறது: இந்த மனிதர் எதையும் கற்கவில்லை, எல்லாம் பிறவியிலேயே வந்தது என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

நம் இலக்கிய வட்டாரத்திலும் இந்தக் குரலைக் கேட்கலாம். ‘அவர் யாரையும் படித்தவரில்லை, அப்படியே வருகிறது’ என்று ஒரு கவிஞரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு. சொல்பவருக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கற்றல் என்ற ஒன்று இல்லாமல் போனால், தான் ஏன் கற்கவில்லை என்ற கேள்வியும் எழாது. பாராட்டப்படுகிறவருக்கு நேர்வது வேறு. அவருடைய உழைப்பு கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது.

சுல்தான் கான் வேலைக்காரர்தானா, எழுதப் படிக்கத் தெரியாதவரா என்பதில் இன்று தகராறு உண்டு. டேனியல் கிங் 2020-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அதன் துணைத் தலைப்பிலேயே அவரை வேலைக்காரர் என்கிறது. அவர் குடும்பத்தார் இதைக் கடுமையாக மறுத்திருக்கிறார்கள். நிலபுலமும் மதிப்பும் உள்ள குடும்பம் என்றும், அவர் எழுத்தறிவுள்ளவர் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் 1933-ல் லண்டனில் நவாபின் வீட்டு விருந்துக்குப் போனபோது சுல்தான் கான் பரிமாறியதைக் கண்டு கூசிப்போனதாக எழுதினார். அந்த ஒரு காட்சியை வைத்தே பாதிக் கதை கட்டப்பட்டிருக்கிறது. நவாப் என்பது சர் உமர் ஹயாத் கான் திவானா. படை அதிகாரி, பெரிய நிலப்பிரபு, வெள்ளையர் அரசுக்கு வேண்டியவர். அப்படிப்பட்ட வீட்டில் ஆதரவு பெற்றவருக்கும் ஊழியருக்கும் இடையே கோடு எங்கே போடுவது என்று எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் இரு தரப்பும் பேசுவது அந்தஸ்தைப் பற்றி. அவர் எதை, எப்படிக் கற்றார் என்பதைப் பற்றி இரு தரப்பும் குறைவாகவே பேசுகின்றன.

அவர் பிறந்தது 1903 வாக்கில், மிட்டா திவானா என்ற ஊரில். சதுரங்கம் தகப்பனாரிடம் கற்றது. இருபத்தோரு வயதில் பஞ்சாபின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர். ஆனால் அவர் சிறந்து விளங்கிய ஆட்டம் இன்று நாம் போட்டிகளில் ஆடும் ஆட்டம் அல்ல. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இந்திய ஆட்டத்தில் சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். இரண்டு கட்டம் பாய்வது கிடையாது. கோட்டை கட்டுவது என்ற ஏற்பாடு இல்லை. பதிலாக, செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாண்டலாம். ராஜாவுக்கு நேரெதிரே ராஜா நிற்பதில்லை, எதிரியின் ராணிதான் நிற்கும். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய் நினைத்தபடி ராணியாக முடியாது. எந்த வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்த வரிசைக்குரிய காயாகத்தான் மாறும். யானை வரிசையில் போனால் யானை, குதிரை வரிசையில் போனால் குதிரை. எதிரியின் காய்களையெல்லாம் வெட்டித் தீர்த்து ராஜாவைத் தனியாக நிறுத்திவிட்டால், சில இடங்களில் அது வெற்றியே இல்லை, டிரா. வேறு சில இடங்களில் தொடக்கத்தில் சேர்ந்தாற்போலப் பல நகர்த்தல்களைப் பாதிப் பலகையைத் தாண்டாமல் ஆடிக்கொண்டு, பிறகுதான் மாற்றி மாற்றி ஆட ஆரம்பிப்பார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும்.

இது ஏதோ பஞ்சாப் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 1960-கள் வரை தமிழ்நாட்டு வீடுகளிலும் இந்த விதிகளின் ஏதாவதொரு கலவைதான் நடப்பில் இருந்தது. என் தாத்தா கடைசிவரை ராஜாவைத் தாண்ட வைத்துத்தான் ஆடினார். கோட்டை கட்டுவதை அவர் ஒரு வகை மோசடியாகவே பார்த்தார்: ஒரே முறையில் எப்படி இரண்டு காயைத் தொடலாம்? காய்களின் பெயர்களில்கூட நமக்குள் ஒற்றுமை இல்லை. பிஷப்பை மந்திரி என்பவர்களும் உண்டு, ராணியை மந்திரி என்பவர்களும் உண்டு. இரண்டு தெருவைச் சேர்ந்தவர்கள் பலகையின் முன் உட்கார்ந்தால் முதலில் ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது.

ஆரம்பப் புத்தகங்கள் ‘அடிப்படை’ என்று சொல்வது இந்த விதிகளைத்தான். காய் எப்படிப் போகும், எது செக், எது டிரா. ஒரு மாலைப்பொழுதில் கற்று முடித்து அடுத்ததற்குப் போய்விடலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லில் இருக்கிறது. சுல்தான் கான் விஷயத்தில் இது பொய்த்துப் போகிறது. சிப்பாய்க்கு ஒரு கட்டம் கூடுதலாகக் கொடுத்தால் ஆட்டத்தின் காலமே மாறிவிடுகிறது. ஒற்றைக் கட்டச் சிப்பாய்களின் ஆட்டத்தில் இரு படைகளும் சந்திக்க வெகு நேரமாகும். அதற்குள் அவரவர் வீட்டை ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆட்டத்தில் நான்காம் நகர்த்தலிலேயே கழுத்தில் கத்தி விழலாம். ராஜாவின் பாதுகாப்பு ஒன்றில் நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது. மற்றொன்றில் தயாராகக் கிடைப்பது. இருபது வருஷம் ஒரு காலக் கணக்கில் பழகிய கை இன்னொன்றுக்கு மாறுவது எளிதல்ல. வெண்பாவில் பழகிய காது புதுக்கவிதைக்கு வந்த பிறகும் ஈற்றடியில் தட்டிக்கொண்டேயிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கவும் எனக்கு விருப்பமில்லை. கவிதையில் தட்டினால் யாரும் நம் ராஜாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவதில்லை.

இந்த மாற்றத்தின் சரித்திரம் சுல்தான் கானோடு தொடங்கவில்லை. 1814-ல் பம்பாயில் திருவேங்கடாசார்ய சாஸ்திரி என்ற பண்டிதர், சமஸ்கிருதத்திலிருந்து சதுரங்க நிலைகளை ஆங்கிலத்தில் கொடுத்து ஒரு புத்தகம் அச்சிட்டார். அவை ஐரோப்பிய முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை என்றும், கற்பவர் தேர்ச்சி பெற உதவுபவை என்றும் தலைப்புப் பக்கமே அறிவித்தது. மாறிக்கொள்ள வேண்டியது நாம்தான் என்பது அப்போதே தீர்மானமாகிவிட்டது போலிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மொஹேஷ் சந்திர பானர்ஜி என்பவர் ஜான் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞரோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். கோக்ரேன் ராஜாவின் சிப்பாயைப் பாய்ச்சி மோதுவார். பானர்ஜி சிப்பாய்களை ஒற்றைக் கட்டமாக நகர்த்தி, பிஷப்பை ஓரத்து மூலையில் வைத்து, நடுப் பலகையை எதிரியிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பார். பழைய விதியின் பழக்கம் புது விதிக்குள் உயிரோடு இருந்ததன் சாட்சி அது. ‘இந்தியத் தற்காப்பு’ என்ற பெயர் இந்த வகை ஆட்டத்திலிருந்து வந்தது.

ஐரோப்பியர் அதை நெடுநாள் விநோதமாகவே பார்த்தார்கள். 1920-களில் நிம்ஸோவிச், ரேட்டி, டார்டகோவர் முதலியோர் நடுப் பலகையைச் சிப்பாய்களால் அடைத்துக்கொள்வதுதான் சரி என்ற பழைய போதனையை மறுத்துக் கிளம்பினார்கள். அதிநவீனம் என்று தங்கள் போக்குக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். இந்தியத் தற்காப்புகள் அவர்கள் கையில்தான் மரியாதை பெற்றன. நிம்ஸோவிச்சின் ‘என் முறை’ 1925-ல் வெளியாயிற்று. ஆக, ஐரோப்பாவின் நவீனத்துவம் இந்தியச் சாயலுள்ள ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த அதே வருடங்களில், பஞ்சாபில் ஓர் இளைஞர் ஐரோப்பிய விதிகளை மனனம் செய்துகொண்டிருந்தார். நம் நவீனத்துவச் சர்ச்சைகளில் இறங்குகிறவர்கள் இதை ஒரு கணம் யோசிக்கலாம்.

1928-ல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டத்தில் எட்டை வென்று ஒன்றை டிரா செய்தார். அடுத்த வசந்தத்தில் லண்டன். அங்கே அவருக்காகவே ஒரு பயிற்சிப் போட்டி ஏற்பாடாயிற்று. பிரபல கதையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அதன் முடிவுதான்: சுல்தான் கான் கடைசி இடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார். முன்னிலையில் இருந்தவர்கள் வில்லியம் விண்டர், ஃபிரெடரிக் யேட்ஸ். இந்த இருவரும்தான் பிறகு அவரோடு உட்கார்ந்து கோடைகாலத்து பிரிட்டிஷ் போட்டிக்குத் தயார் செய்தார்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை. விண்டர் கம்யூனிஸ்ட், ராஜத்துரோகப் பேச்சுக்காகச் சிறை போனவர். யேட்ஸ் ஆறு முறை பிரிட்டிஷ் சாம்பியன். அலேகினைப் பெரிய போட்டிகளில் இரண்டு முறை வென்றவர். சதுரங்கம் பற்றிப் பத்திரிகைகளுக்கு எழுதிக் காலம் தள்ளியவர். 1932-ல் லண்டனில் தன் அறையில் எரிவாயு கசிந்து தூக்கத்திலேயே இறந்துபோனார். 1929-ஐ ஒட்டித்தான் இருவரும் சேர்ந்து நவீன ஆட்ட முறை பற்றிப் புத்தகம் ஒன்றும் வெளியிட்டார்கள். ஆகவே சுல்தான் கான் புத்தகத்தைத் தொடாதவர் என்பது உண்மையாகவே இருந்தாலும், புத்தகத்தை எழுதியவர்களே எதிரில் உட்கார்ந்து காய் நகர்த்திக் காட்டினார்கள். ராம்ஸ்கேட்டில் நடந்த போட்டியில் அவர் சாம்பியன் ஆனது இதற்குப் பிறகு.

சில வாரங்களில் என்ன கற்றுக்கொடுத்திருக்க முடியும்? திறப்பு நகர்த்தல்களில் எங்கே பொறி இருக்கிறது, எந்த வரிசையில் காய்களை வெளியே கொண்டுவந்தால் உயிர் தப்பலாம் என்பதை. பன்னிரண்டாம் நகர்த்தல்வரை பிழைத்திருக்கும் வித்தை என்று இதைச் சொல்லலாம். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் துணை வரத் தேவையிருக்கவில்லை. காய்கள் குறைந்து பலகை வெளிச்சமாகும்போது அவர் ஆட்டம் கூர்மையடையும் என்பதை அவரோடு ஆடியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காரணத்தைப் பழைய விதிகளில் தேட எனக்கு ஆசையாக இருக்கிறது. சிப்பாய் எந்த வரிசையில் போய்ச் சேருகிறதோ அந்தக் காயாகத்தான் ஆகும் என்றால், இறுதியாட்டத்தின் கணக்கை வெகு முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். எதிரி ராஜாவைத் தனியாக்கினால் டிரா என்றால், வெட்டும்போதே எதை மிச்சம் வைப்பது என்று யோசிக்க வேண்டும். அப்படிப் பழகியவருக்கு ஐரோப்பிய இறுதியாட்டம் தளர்வாகத் தோன்றியிருக்கும். இது என் ஊகம்தான். அதே விதிகளில் லட்சக்கணக்கானவர்கள் ஆடினார்கள், சுல்தான் கான் ஒருவர்தான் வந்தார் என்று யாராவது மறுத்தால் என்னிடம் பதில் இல்லை.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் அவர் காபாப்ளாங்காவை வென்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்ப்பது நல்லது. காபாப்ளாங்கா வாழ்நாள் முழுவதும் முக்கியப் போட்டிகளில் தோற்ற ஆட்டங்கள் நாற்பதைத் தொடாது. சுல்தான் கான் வெள்ளை. ஐந்தாம் நகர்த்தலில் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறார். எவரையும் தாக்காத, எந்தக் காயையும் வெளியே கொண்டுவராத, பார்த்தால் சோம்பலான நகர்த்தல். இதே நிலை பிற்காலத்தில் பெட்ரோஸியான் பெயரால் வழங்கலாயிற்று. 1980-களில் காஸ்பரோவ் அதை ஆயுதமாகக் கொண்டார். பிறகு சுல்தான் கான் கோட்டை கட்டவேயில்லை. ராஜாவை நடுவிலேயே விட்டுவிட்டு ராஜாப் பக்கத்துச் சிப்பாய்களை முன்னே தள்ளுகிறார். காபாப்ளாங்காவின் யானை திறந்த வரிசையில் கடைசிவரை இறங்கி செக் வைக்கும்போது, வெள்ளை ராஜா ஒரு படி மேலேறுகிறது. இரண்டாவது யானையும் வருகிறது. ராணியைக் கொடுத்து இரண்டு யானைகளையும் எடுத்துக்கொள்கிறார். இதெல்லாம் இருபத்துநான்காம் நகர்த்தலுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் நாற்பது நகர்த்தல்களுக்கு மேல் பெரிதாக எதுவும் நடப்பதாகத் தெரியாது. வெள்ளை தன் யானைகளை மெதுவாக ஒழுங்குபடுத்துகிறது. கறுப்பு ராணியால் எதையும் தகர்க்க முடியவில்லை, காத்திருக்கத்தான் முடிகிறது. அறுபத்தைந்தாம் நகர்த்தலில் காபாப்ளாங்கா விட்டுக்கொடுத்தார்.

இதில் பிறவிப் பேரொளி எதையும் நான் பார்க்கவில்லை. கோட்டை கட்டாத ராஜாவோடு வாழத் தெரிந்த, அவசரப்படாத ஒருவரைப் பார்க்கிறேன். அவர் கற்ற புதியது அவரை இருபதாம் நகர்த்தல்வரை கொண்டுவந்து சேர்த்தது; மறக்காத பழையது அங்கிருந்து எடுத்துக்கொண்டது. சதுரங்க அடிப்படைகள் பற்றி 1921-ல் புத்தகம் எழுதி, இறுதியாட்டத்திலிருந்து படிப்பைத் தொடங்கச் சொன்னவர் காபாப்ளாங்கா. அந்த உபதேசத்தின்படி வளர்ந்தவர் போலவே, அதைப் படித்து வளராத ஒருவர் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்தப் போட்டியில் ஆய்வே முதலிடம், காபாப்ளாங்கா இரண்டு, சுல்தான் கான் மூன்று.

மேலும் மூன்று வருடம். 1931 ஜனவரியில் டார்டகோவரோடு தனிப்போட்டியில் ஆறரைக்கு ஐந்தரை என்று வெற்றி. அதே ஆண்டு பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் பதினேழு ஆட்டம் ஆடி எட்டு வெற்றி, ஏழு டிரா, இரண்டே தோல்வி. வென்றவர்களில் ரூபின்ஸ்டைனும் ஃப்ளோரும் அடக்கம். 1932-லும் 1933-லும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன். இங்கிலாந்தின் குளிர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சலும் தொண்டை வலியுமாகக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார் என்கிறார்கள். 1933-ல் நவாப் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தைப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு சாம்பியன்கள் ஒரே வருடத்தில் வந்திருக்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் யாரோ யாருக்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிறவி மேதைக் கதையில் பாத்திமாவுக்கு ஏன் இடமில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

ஊர் திரும்பியபின் அவர் ஏன் ஆடவில்லை என்பதற்கு விதி, அடிமைத்தனம் என்றெல்லாம் உருக்கமாக எழுதுகிறார்கள். 1935-ல் அவர் கடில்கர் என்பவரோடு பத்து ஆட்டம் ஆடினார்; ஒன்று டிரா, மற்ற ஒன்பதும் வெற்றி. யோசித்துப் பார்த்தால் இதுதான் காரணம். பத்தில் ஒன்பதரை எடுக்கிறவனுக்கு அந்தப் பலகையில் கற்க ஒன்றுமில்லை. இதே காலத்தில் ரஷ்யாவில் போட்வின்னிக்கைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஆடத் தொடங்கி, பதினாலு வயதில் காபாப்ளாங்கா பலரோடு ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில் அவரை வென்றார். பிறகு தன் ஒவ்வொரு ஆட்டத்தையும் பிரித்து ஆராய்ந்து, ஆராய்ச்சியை அச்சில் வெளியிட்டுப் பிறர் குறை கண்டுபிடிக்கக் காத்திருந்தார். எதிரிகள் புகைபிடித்தால் கவனம் கலைகிறது என்பதற்காகப் பயிற்சி ஆட்டங்களில் வேண்டுமென்றே முகத்தில் புகைவிடச் சொல்லிப் பழகிக்கொண்டார். 1948-ல் உலகச் சாம்பியன். போட்வின்னிக்குக்குப் பத்திரிகை இருந்தது, கழகம் இருந்தது, தன்னை மறுக்கக் கூடியவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். சர்கோதாவில் சுல்தான் கானை மறுக்க யார் இருந்தார்கள்?

இங்கே அதெல்லாம் உருவாக வெகு காலமாயிற்று. அகில இந்தியச் சம்மேளனம் 1951-ல் ஏற்பட்டது. அதன் முதல் தேசியப் போட்டி ஏலூரில் நடந்தது 1955-ல். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அதற்கு முந்தின வருடம் லைப்சிக் ஒலிம்பியாடில் ஆய்வேயைத் தோற்கடித்திருந்தார். ஆனால் அவருடைய பெரிய காரியமாக நான் கருதுவது வேறு. வீட்டு விதிகளில் ஊறியவர்களைச் சர்வதேச விதிக்கும், திறப்புகளைப் படிக்கும் வழக்கத்துக்கும் கொண்டுவந்தார். விண்டரும் யேட்ஸும் ஒருவருக்குச் செய்ததை அவர் ஊர் ஊராகச் செய்ய வேண்டியிருந்தது. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தால் பெயரில் கழகம் தொடங்கியது. ரஷ்யப் புத்தகங்களும், தோற்கடிக்க ஆட்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கே ஆடி வளர்ந்த ஆனந்த் 1988-ல் கிராண்ட்மாஸ்டர். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானபோது சென்னைச் சதுரங்கத்தில் பிறவி மேதை என்ற பேச்சுக்கு அவ்வளவாக வேலையிருக்கவில்லை. எந்தப் பயிற்சியாளர், எத்தனை மணி நேரம், எந்தக் கணிப்பொறி என்றுதான் பேசினார்கள். இதிலும் சலிப்பூட்டும் ஒரு வியாபாரத் தொனி உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் எட்டு வயதுப் பிள்ளைகள் பதினைந்து நகர்த்தல்களை யோசிக்காமல் ஒப்பிப்பதையும், பதினாறாவதில் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பதையும் பார்க்கிறேன். ஆனாலும் கற்றதைக் கற்றது என்று சொல்லும் நேர்மையாவது இங்கே இருக்கிறது.

சுல்தான் கான் விவசாயத்தைப் பார்த்துக்கொண்டு சர்கோதாவில் வாழ்ந்து, 1966 ஏப்ரல் 25-ல் காசநோயால் இறந்தார். சர்வதேசச் சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கத் தொடங்கிய 1950-ல் அவர் உயிரோடுதான் இருந்தார். அவர் வென்ற ரூபின்ஸ்டைனுக்கும் டார்டகோவருக்கும் அப்போதே கிடைத்தது. அவருக்கு 2024 பிப்ரவரியில் கௌரவமாக வழங்கினார்கள். பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை என்று அவருடைய மூத்த மகன் கூறியிருக்கிறார். வாழ்க்கையில் இதைவிட உபயோகமாக ஏதாவது செய்யுங்கள் என்றாராம்.